விஸ்காம், இதழியல், மாஸ் கம்யூனிகேஷன்: சேரும் முன் கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலிருந்து என் போன் ஓயாது. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 14 ஆண்டுகளாக ஊடகவியல் நடத்துகிறேன். அதற்கு முன் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக வேலை பார்த்தேன். "பொண்ணு விஸ்காம்தான் வேணும்னு நிக்கிறா, சேர்க்கலாமா சார்?" என்று தொடங்கும் பேச்சு அரை மணி நேரமாவது போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டை மனதில் வைத்துச் சொன்னவை.

விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன், எலக்ட்ரானிக் மீடியா எல்லாம் ஒன்றுதானா?

அடிப்படைப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எதில் அதிக நேரம் செலவாகும் என்பதில்தான் வித்தியாசம். நம் ஊரில் அதிகம் கிடைப்பது பி.எஸ்ஸி. விஷுவல் கம்யூனிகேஷன், சுருக்கமாக விஸ்காம். சென்னை லயோலா கல்லூரி இதற்கு முன்னோடி. ஓவியம், புகைப்படம், வடிவமைப்பு, விளம்பரம், வீடியோ என்று கண்ணுக்கு வேலை அதிகம் உள்ள படிப்பு இது. பி.ஏ. ஜர்னலிசத்தில் செய்தி சேகரிப்பதும் எழுதுவதும் முன்னால் நிற்கும். மாஸ் கம்யூனிகேஷன் என்றால் மக்கள் தொடர்பும் ஆய்வும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எலக்ட்ரானிக் மீடியா டிவி, ரேடியோ, டிஜிட்டல் பக்கம் சாயும்.

பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் இரண்டு விதமாக நடத்துகின்றன. பாடத்திட்டத்தை வாங்கி ஆறு செமஸ்டரையும் படித்துப் பாருங்கள்.

எந்தக் குரூப் படித்திருக்க வேண்டும்? எனக்கு வரையவே வராது.

பெரும்பாலான கல்லூரிகளில் எந்தக் குரூப்பும் சரி. பி.எஸ்ஸி. என்று பெயர் இருப்பதால் சயின்ஸ் குரூப் கட்டாயம் என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். வரைவது முதல் ஆண்டில் ஒரு பாடம். பயிற்சி செய்தால் தேறிவிடலாம். என் மாணவர்களில் நேர்கோடு போடத் தெரியாமல் வந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று நல்ல படத்தொகுப்பாளர்கள்.

தியரிப் பாடம் எதற்கு? கேமராவைப் பிடிக்கத்தானே வருகிறோம்?

இதை ஒவ்வொரு பேட்ச்சும் கேட்கும். எனக்குப் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். ரேடியோவும் பத்திரிகையும் மக்களின் ஓட்டை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கத்தான் போனார்கள். ஆனால் பலர் ஊடகத்தை நேரடியாகக் கேட்டு முடிவெடுக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த, தாங்கள் மதிக்கிற ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். அந்த ஒருவர்தான் பத்திரிகை படிப்பவர், ரேடியோ கேட்பவர். இதை இரண்டு படி ஓட்டம் என்பார்கள். நம் ஊர் டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்களே, அதே சங்கதிதான்.

இப்போது 2017 பிப்ரவரிக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லாருக்கும் போட வேண்டும், பெரும்பாலும் பள்ளியிலேயே. ஊசி போட்டால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. டிவியில் விளம்பரம் வந்தது, அதிகாரிகள் அறிக்கை விட்டார்கள். ஆனால் பயந்துபோன ஒரு தாய் அறிக்கையைப் படித்தா மனம் மாறுவார்? தன் பிரசவத்தின்போது கூட இருந்த கிராம செவிலியரோ பிள்ளையின் வகுப்பாசிரியரோ எதிரில் உட்கார்ந்து பேசினால் காது கொடுப்பார்.

அப்படியென்றால் பணத்தை டிவி விளம்பரத்தில் போடுவதா, செவிலியர்களுக்கு வதந்தியை எதிர்கொள்ளப் பயிற்சி தருவதில் போடுவதா? இந்த முடிவை எடுப்பவர் ஒரு தகவல் தொடர்பு வல்லுநர். ஈரி கவுன்டியைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வித்தியாசம் இந்த இடத்தில் தெரியும். கேமரா பிடிப்பதை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். யாரிடம் எதை யார் வாயால் சொல்ல வேண்டும் என்று யோசிக்கப் பழக மூன்று ஆண்டும் வேண்டும்.

எந்தக் கல்லூரி நல்லது?

பெயர் பட்டியல் சொல்வதைவிட எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

1920இல் அன்னி பெசன்ட் அடையாறில் இதழியல் வகுப்பு தொடங்கியபோது மாணவர்கள் அவர் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழிலேயே பயிற்சி பெற்றார்கள். வகுப்பில் கற்றதை உடனே செய்து பார்க்க ஓர் இடம் இருந்தது. 100 ஆண்டுகளுக்குப் பிறகும் நான் பார்ப்பது இதைத்தான். இந்தக் கல்லூரியில் மாணவர்கள் செய்த வேலை வெளியாட்களைப் போய்ச் சேருகிறதா? மாணவர்களே நடத்தும் பத்திரிகை இருக்கிறதா? சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன வானொலி, அதாவது சமுதாய வானொலி இருக்கிறதா? 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. சென்னையில் எம்.ஓ.பி. வைஷ்ணவ், கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி என்று பிறகு பல இடங்களில் வந்துவிட்டது. அந்த மைக்கின் முன்னால் வாரம் ஒரு நாள் உட்காரும் மாணவர், கேட்பவர் இருக்கிறார் என்ற பயத்தோடு வேலை செய்வார். அந்தப் பயம் மார்க்குக்காகச் செய்யும் அசைன்மென்ட்டில் வராது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஸ்டூடியோவைக் காட்டுவார்கள். விளக்கெல்லாம் பளபளவென்று இருக்கும். பார்த்துவிட்டு அங்கே நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: "இந்தக் கேமராவை இந்த செமஸ்டர்ல எத்தனை தடவை கையில எடுத்தீங்க?" பூட்டி வைத்திருக்கும் நல்ல கேமராவைவிட, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக விடும் பழைய கேமரா மேல்.

அப்புறம், ஆசிரியர்களில் எத்தனை பேர் ஊடகத்தில் வேலை செய்தவர்கள் என்று கேளுங்கள். எல்லாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆய்வு செய்தவர்களும் வேண்டும். ஆனால் ஒருவர்கூட இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

சென்னைக்குத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் விஸ்காம் உண்டு. முதுகலைக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், சேலம் பெரியார், கோவை பாரதியார் பல்கலைக்கழகங்களில் துறைகள் இருக்கின்றன. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947 முதல் இதழியல் கற்பிக்கப்படுகிறது.

விலை உயர்ந்த கேமராவும் லேப்டாப்பும் வாங்கித் தர வேண்டுமா?

முதல் ஆண்டில் வேண்டாம். தயவுசெய்து இதற்காகக் கடன் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் போனே போதும். ஒளி எங்கிருந்து வருகிறது, சட்டகத்துக்குள் எதை விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்பதை அதிலேயே கற்கலாம். உண்மையிலேயே காசு செலவழிக்க வேண்டுமென்றால் சட்டையில் மாட்டும் ஒரு சின்ன மைக் வாங்கிக் கொடுங்கள். மாணவர் வீடியோக்கள் கெட்டுப்போவது படத்தால் அல்ல, சத்தத்தால். மூன்றாம் ஆண்டில் படத்தொகுப்புதான் தன் வழி என்று பிள்ளை முடிவு செய்தால் அப்போது நல்ல லேப்டாப் பற்றிப் பேசலாம்.

தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். ஆங்கிலம் வராமல் இதில் பிழைக்க முடியுமா?

இரண்டும் வேண்டும். ஆனால் உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு மூலதனம் இருக்கிறது என்பதை முதலில் நம்புங்கள்.

பாரதியார் 1904இல் 'சுதேசமித்திரன்' இதழில் துணை ஆசிரியராகச் சேர்ந்தபோது அவர் செய்த வேலையில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் செய்தியையும் சொற்பொழிவையும் தமிழ் வாசகனுக்குப் புரியும்படி எழுத வேண்டும். இன்றும் தமிழ் நாளிதழில் செய்தியைத் திருத்தி எழுதும் டெஸ்க்கில் அதே வேலை நடக்கிறது. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஏஜென்சிச் செய்தி ஆங்கிலத்தில் வரும். அதனால் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கட்டாயம் வேண்டும். தினம் ஒரு ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதிப் பழகினால் ஓர் ஆண்டில் இரண்டு மொழியுமே தேறும். சரளமாகப் பேசுவது பின்னால் வரட்டும்.

நல்ல தமிழ் என்றால் கடினமான தமிழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பயிற்சி தருவேன். "பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதால் கீழ்க்கண்ட பகுதிகளில் மின் விநியோகம் நிறுத்தம் செய்யப்படும்" என்று ஓர் அறிவிப்பு. இதை மாற்றி எழுதச் சொல்வேன். முதல் முறை எல்லாரும் ஒன்றிரண்டு சொல்லை மாற்றிவிட்டுக் கொடுப்பார்கள். நாலைந்து முறை திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு பிள்ளை எழுதும்: "நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை உங்கள் தெருவில் கரண்ட் இருக்காது." மாவு அரைக்க வேண்டியவர் இன்றே அரைத்துக்கொள்வார். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய 'தந்தி' எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் வாசகர்களாக்கியது இப்படிப்பட்ட தமிழால்தான். நன்றாகப் படித்தவர்களுக்கு இந்தத் தமிழ் எளிதில் வருவதில்லை; சந்தையில் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சீக்கிரம் வருகிறது.

எனக்குச் சினிமாதான் வேண்டும். விஸ்காம் போதுமா?

போகலாம், பலர் போயிருக்கிறார்கள். ஆனால் ஒளிப்பதிவோ ஒலிப்பதிவோ படத்தொகுப்போ முழுநேரமாகக் கற்க வேண்டுமென்றால் தரமணியில் அரசு நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு துறைக்கும் தனிப் பட்டப்படிப்பு. இடங்கள் குறைவு. பட்டம் முடித்தபின் புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் ஆகியவற்றின் நுழைவுத்தேர்வு எழுதலாம். இயக்குநர் என்ற ஒரே கனவோடு வருபவர்களிடம் ஒலிப்பதிவு வகுப்பில் இரண்டு வாரமாவது உட்காரச் சொல்வேன். போகும் பிள்ளைகளில் சிலர் திரும்பி வருவதே இல்லை, அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

படித்து முடித்தால் எங்கேதான் வேலை?

டிவி, பேப்பர் என்ற இரண்டோடு பெற்றோரின் பட்டியல் நின்றுவிடுகிறது. என் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

செய்தி சேனலில் வெளியே தெரிவது வாசிப்பவரும் நிருபரும்தான். உள்ளே யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் அசைன்மென்ட் டெஸ்க், செய்தி எழுதுபவர், படத்தொகுப்பாளர், கிராபிக்ஸ், விவாதத்துக்கு ஆள் பிடிக்கும் தயாரிப்பாளர் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. முகம் காட்ட வேண்டும் என்று வந்த ஒரு மாணவி, நேரலையின்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்தக் கேமரா எப்போது என்று முடிவு செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்த வேலையை விடச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

விளம்பரத் துறையில் தமிழ் தெரிந்தவருக்கு எப்போதும் இடமுண்டு. மும்பையில் இந்தியில் யோசித்த விளம்பரம் தமிழுக்கு வரும்போது வாயசைவுக்கும் பொருந்த வேண்டும், நம் வீட்டுப் பேச்சாகவும் இருக்க வேண்டும். அது சரியாக வராததால்தான் பல விளம்பரங்கள் கேட்கச் சங்கடமாக இருக்கின்றன. சப்டைட்டில், டப்பிங் வசனம் எழுதும் வேலையும் இதே வகை. பொறுமையும் காதும் வேண்டும்.

சென்னையிலும் கோவையிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாக எளிமையாக எழுதுபவருக்கு டெக்னிக்கல் ரைட்டர் என்று பெயர். ஊடகம் படித்தவர்களில் நிலையான சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான். இங்கே ஆங்கிலம் நன்றாக வேண்டும்.

கல்யாணப் புகைப்படம் எடுக்கப் போனவர்கள் நிறைய. உறவினர்கள் இதை இளக்காரமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. அந்த அழுத்தத்தில் நல்ல படம் எடுக்கத் தெரிந்தவர் எங்கு போனாலும் எடுப்பார். சொந்தத் தொழில், நாலு பேருக்கு வேலையும் கொடுக்கிறார்கள்.

நான் மிகவும் மதிக்கும் வேலை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பாம்பன் தீவில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவர்களுக்காக நடக்கிறது. கடலுக்குப் போகலாமா, காற்று எப்படி என்ற தகவல் அவர்கள் பேச்சிலேயே வரும். நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் 'களஞ்சியம்' வானொலி இருக்கிறது. சுனாமியும் புயலும் பார்த்த கரை அது. இப்படிப்பட்ட இடங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் தகவல் தொடர்புப் பணி என்பது உயிரோடு சம்பந்தப்பட்டது. எச்சரிக்கைச் செய்தியில் உள்ள ஒரு சொல் புரியாமல் போனால் ஒருவர் படகை எடுத்துவிடுவார். சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் மறைக்கவில்லை.

அரசு வேலை உண்டா?

உண்டு, ஆனால் இடங்கள் கொஞ்சம். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். மத்திய அரசில், அரசின் செய்திகளை மக்களிடம் கொண்டுசெல்லும் இந்தியத் தகவல் பணி உண்டு. அதன் 'பி' பிரிவுப் பணியிடங்களுக்கு இதழியல் அல்லது மாஸ் கம்யூனிகேஷன் படிப்பைத் தகுதியாகக் கேட்கிறார்கள். கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் முதுகலைக்குப் பிறகு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். இவற்றை மட்டுமே நம்பி இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

சம்பளம் எவ்வளவு வரும்?

தொடக்கத்தில் குறைவு. பொறியியல் படித்துவிட்டு ஐ.டி.யில் சேரும் உறவுக்காரப் பையனோடு ஒப்பிட்டால் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் வீட்டில் வருத்தம் இருக்கும். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. குடும்பச் சூழல் உடனே சம்பாதிக்க வேண்டியதாக இருந்தால் வடிவமைப்பு, படத்தொகுப்பு, டெக்னிக்கல் ரைட்டிங் மூன்றில் ஒன்றை இரண்டாம் ஆண்டிலேயே கெட்டியாகப் பிடியுங்கள். படிக்கும்போதே சின்ன வேலைகள் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்பை ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று இழுப்பவர்கள் இருக்கிறார்கள். என் மாணவன் ஒருவன் ஒரு டிஜிட்டல் நிறுவனத்தில் பத்து மாதம் உழைத்தான். கடைசியில் சான்றிதழ்கூடத் தரவில்லை. ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அதற்கு மேல் காசு கேளுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? ராத்திரி வேலை என்கிறார்களே?

அனுப்புங்கள். என் வகுப்பில் பெண்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள், களத்துக்கும் அதிகம் போகிறார்கள். செய்தி நிறுவனங்களில் இரவு ஷிப்ட் உண்டு என்பது உண்மை. சேரும் முன் வாகன வசதி உண்டா என்று கேட்பது அவள் உரிமை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்டர்ன்ஷிப் போகும் மாணவிக்கும் அது பொருந்தும். "உள்குழுவில் யார் இருக்கிறார்கள்?" என்று முதல் நாளே கேட்கச் சொல்லி அனுப்புகிறேன். கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் அலுவலகத்தில் சேர வேண்டாம்.

வேறு பட்டம் படித்துவிட்டு இதற்கு வர முடியுமா?

தாராளமாக. பொருளாதாரமோ வேளாண்மையோ படித்துவிட்டு நிருபரானவரிடம் கேள்வி கேட்கும் விஷயஞானம் இருக்கும். தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், 1965இல் டெல்லியில் தொடங்கிய மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி., 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம் ஆகியவற்றில் எந்தப் பட்டம் பெற்றவரும் முதுநிலை டிப்ளமோ சேரலாம். கல்லூரியில் படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ் இதழியலில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

ஏ.ஐ. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது. இனி இந்தப் படிப்பு எதற்கு?

சில வேலைகள் குறைகின்றன, அதை மறுக்க மாட்டேன். செய்திக்குறிப்பைச் சுருக்குவது, பேட்டியை எழுத்தாக்குவது, சாதாரண விளம்பர வாசகம் எழுதுவது ஆகியவற்றைத் தொடக்கநிலை ஊழியர்கள்தான் செய்துவந்தார்கள். அந்தப் படிக்கட்டு ஆட்டம் காண்கிறது என்பது எனக்கும் கவலைதான்.

ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, தண்ணீர்த் தொட்டி கட்டியதாகக் காட்டிய கணக்கையும் தொட்டி இல்லாத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஒரு மனிதராகத்தான் இருக்க வேண்டும். போலிப் படங்களும் போலிக் குரல்களும் பெருகப் பெருக, இது உண்மையா என்று சரிபார்க்கத் தெரிந்தவரின் தேவை கூடுகிறது. அதனால் நான் பாடத்தை மாற்றிக்கொண்டேன். சரிபார்க்கும் பயிற்சி முதல் செமஸ்டருக்கே வந்துவிட்டது.

கல்லூரி திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் நீங்கள் இதுவரை பேசாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இஸ்திரி போடுபவராக இருக்கலாம், ரேஷன் கடையில் எடை போடுபவராக இருக்கலாம். அனுமதி கேட்டு அரை மணி நேரம் பேசுங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். போனில் பதிவு செய்து, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். "நான் இப்படிச் சொல்லலையேம்மா" என்று அவர் சொல்லும் வரி ஒன்றாவது இருக்கும். அந்த வரியை மட்டும் திருத்தி, முதல் நாள் வகுப்புக்கு இரண்டு பிரதியையும் எடுத்து வாருங்கள்.